செல்லை வளர்க்கிற மாத்திரையைப் பச்சைப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம், விவசாயக் குடும்பம். மகளுக்குத் தலைப்பிரசவம். பெண் பிள்ளை, 3 கிலோ. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்ததில் டி.எஸ்.எச். 68 என்று வந்தது. பதினொன்றாம் நாள் கையில் எடுத்துப் பார்த்ததில் 100-க்கு மேல். தைராக்சின் 25 மாத்திரையில் தினமும் ஒன்றரை கொடுக்கச் சொல்லி எழுதித் தந்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. அழுவதே இல்லை, எழுப்பித்தான் பால் கொடுக்கிறோம், அவ்வளவு தங்கமான பிள்ளை. என் அக்கா மகன் இன்டர்நெட்டில் படித்துவிட்டு, இந்த ஹார்மோன் செல்களை வளர்த்துப் பெருக்கும், புற்றுநோய்ச் செல்லையும் வளர்க்கும் என்கிறான். அவன் அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, ஆறு வருஷத்துக்கு முன்னால் தைராய்டில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது. அவர்களும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறார்கள். பயத்தில் நான்கு நாளாக அட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறோம். கிரகணத்தன்று மகள் வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்று பிள்ளையின் ஆச்சி ஒரு பக்கம் அழுகிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: அண்ணாச்சிக்கு வணக்கம். கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் செய்த முதல் காரியம், அதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டதுதான். "இன்றைக்கே மாத்திரையை ஆரம்பியுங்கள், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்றேன். நீங்களும் சரி என்றீர்கள். சாயங்காலம் உங்கள் மகள் கொடுத்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் ஒரு டாக்டர் சொன்னாரே என்று சரி சொன்னவர்களுக்குப் பயம் போய்விடுவதில்லை. பயத்தோடு கொடுக்கிற மருந்து, பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் நின்றுவிடும். இந்த மருந்து நிற்கக் கூடாது. அதனால் உங்கள் கேள்விகளுக்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

உங்கள் பேத்தியின் கழுத்தில் இருக்க வேண்டிய தைராய்டுச் சுரப்பி, வேண்டிய அளவு ஹார்மோனைச் சுரக்கவில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் தைராக்சின் மாத்திரை. உங்கள் அக்கா மகன் படித்தது பொய்யில்லை. தைராய்டு ஹார்மோனுக்கு செல்கள் வளர்வதிலும் பிரிவதிலும் பெரிய பங்கு உண்டு. ஆனால் 'வளர்க்கும்' என்ற சொல்லோடு அவர் நின்றுவிட்டார். யூரியா போட்டால் பயிர் கருகருவென்று ஓங்குமே, அந்த மாதிரி வேலை இல்லை இது. எந்தச் செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது பிரிவதை விட்டுவிட்டுத் தன் சொந்த வேலைக்குத் தயாராக வேண்டும் என்று பருவம் சொல்கிற ஹார்மோன் இது.

பிசானத்தில் நெல் போடுகிறவருக்கு இதைச் சொல்வது சுலபம். நட்ட நாற்று முதலில் தூர் கட்டுகிறது. ஒன்று பத்தாகிறது. அப்புறம் தூர் கட்டுவது நின்று, தண்டு உருண்டு, பொதி கட்டி, கதிர் தள்ளிப் பால் பிடிக்கிறது. கதிர் தள்ள வேண்டிய நாளிலும் தூர் கட்டிக்கொண்டே இருந்தால் வயல் பச்சைப்பசேல் என்று கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். களத்துக்கு வைக்கோல்தான் வந்து சேரும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தலைப்பிரட்டையைப் பார்க்கலாம். வாய்க்காலில் துண்டு விரித்துப் பிடித்து, பாட்டிலில் விட்டு வேடிக்கை பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். முதலில் வாலுக்கு இரண்டு பக்கமும் பின்னங்கால் குச்சி மாதிரி எட்டிப் பார்க்கும். அப்புறம் முன்னங்கால். கடைசியில் வால் நாளுக்கு நாள் குட்டையாகி உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். 1912-இல் குடர்நாட்ச் என்ற ஆராய்ச்சியாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டுச் சுரப்பியைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார். அவை பெருக்கவில்லை. வளர்வதை நிறுத்திவிட்டு, காலம் வருமுன்னே கால் முளைத்து வால் கரைந்து, மிகச் சின்னத் தவளைகளாகிவிட்டன. பின்னால் வந்தவர்கள் தலைப்பிரட்டையின் தைராய்டை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அவை நன்றாகத் தின்று பெருத்தன. ஆனால் தவளையாகவே இல்லை, பெரிய தலைப்பிரட்டைகளாகவே இருந்துவிட்டன.

அந்தச் சின்ன உடம்பில் ஓடுவது ஒரே ரத்தம், அதில் இருப்பது ஒரே ஹார்மோன். காலுக்குரிய செல்லைப் பிரியச் சொல்வதும் அதுதான், வாலில் இருக்கிற செல்லைச் சாகச் சொல்வதும் அதுதான். படித்து இத்தனை வருஷமாகியும் எனக்கு இந்த ஆச்சரியம் தீரவில்லை.

ஒரே ஹார்மோன் இரண்டையும் எப்படிச் செய்கிறது என்றால், மாத்திரையில் இருக்கிற தைராக்சினில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. டி4 என்று சொல்வது அதனால்தான். செல்லுக்குள் போனதும் ஒரு நொதி அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி விடுகிறது. மூன்றோடு மிஞ்சுகிற டி3-தான் உண்மையில் வேலை செய்வது. அது செல்லின் உட்கருவுக்குள் போய், அங்கே டி.என்.ஏ.வின் மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற ஏற்பி என்கிற புரதத்தோடு சேர்கிறது. குளத்து மடையில் பலகை போட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் வராத வரைக்கும் அந்த ஏற்பி சும்மா இருப்பதில்லை, பல மரபணுக்களை அடைத்து வைத்திருக்கிறது. ஹார்மோன் வந்து சேர்ந்தால்தான் பலகை தூக்கப்படும். எந்தச் செல்லில் எந்த வயலுக்குப் போகிற மடை திறக்கிறது என்பது அந்தச் செல்லைப் பொறுத்தது. அதனால் ஈரலில் ஒரு விளைவு, எலும்பில் ஒரு விளைவு, மூளையில் வேறு விளைவு. எலிகளுக்கு டி3 கொடுத்தால் ஈரல் செல்கள் பிரியத் தொடங்குகின்றன. மூளையில் நரம்புக்கு உறை போடப் போகிற இளம் செல்களுக்கோ, பிரிந்தது போதும், உறை போடுகிற வேலைக்கு வா என்று சொல்வது இதே ஹார்மோன்தான். கரண்ட் ஒயருக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறை மாதிரி, நரம்புக்கும் அந்த உறை இல்லாவிட்டால் செய்தி வேகமாகப் போகாது.

இங்கேதான் உங்கள் பேத்தியின் விஷயம் வருகிறது.

பிறக்கும்போது பிள்ளையின் மூளை ஏறத்தாழ 350 கிராம். ஒரு வயதுக்குள் அது இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். மூளைச் செல்கள் தங்கள் இடத்துக்கு நகர்வது, ஒன்றோடு ஒன்று இணைவது, நரம்புக்கு உறை ஏறுவது ஆகியவற்றில் பெரும்பங்கு இந்த நாட்களில்தான் நடக்கிறது. இவ்வளவுக்கும் பருவம் சொல்ல தைராய்டு ஹார்மோன் வேண்டும். பார்த்தால் குறையே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் உங்கள் மகள்தான். வயிற்றில் இருந்தவரைக்கும் தாயின் ஹார்மோன் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தது. தொப்புள்கொடியை அறுத்ததோடு அந்த வரத்து நின்றது. கையிருப்பும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மூளைக்கு அடியில் இருக்கிற மூளையடிச் சுரப்பியோ போதவில்லை போதவில்லை என்று, தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டுகிற டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகிறது. மூன்றாம் நாள் குதிகால் ரத்தத்தில் 20-க்குள் இருக்க வேண்டிய எண் 68 ஆனதும், அப்புறம் 100-ஐத் தாண்டியதும் அதனால்தான்.

அப்புறம், அழாத பிள்ளை தங்கமான பிள்ளை என்ற பேச்சு. அண்ணாச்சி, இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு அடிவயிறு கலங்கும். பல வருஷங்களுக்கு முன்னால் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் அம்மா என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். நடக்கவைத்துக் கூட்டி வரவில்லை, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். உயரம் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு இருக்கிற அளவு. கை எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். ஒன்பது வயதில் மணிக்கட்டில் ஏழு சின்ன எலும்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளுக்கு மூன்றுதான். கொண்டைக்கடலை அளவில் வெள்ளையாக மூன்று புள்ளிகள், சுற்றி வெறும் கறுப்பு. குருத்தெலும்புச் செல்களுக்குப் பிரிந்து, முதிர்ந்து, எலும்பாகச் சொல்லி ஆணை போகவே இல்லை. "பச்சைப்பிள்ளையில் அழவே மாட்டாள் டாக்டரம்மா, ஊரே மெச்சும்" என்றார் அந்த அம்மா.

மாத்திரை ஆரம்பித்தோம். ஆறு மாதத்தில் முகத்து வீக்கம் வடிந்தது, மலச்சிக்கல் தீர்ந்தது, பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைத்தன. முதல் வருஷத்தில் அவள் வளர்ந்த வேகத்தைப் பார்த்து அம்மா பாவாடைகளை மாற்றி மாற்றித் தைத்தார். எலும்புக்குப் பிந்திக் கிடைத்தாலும் பரவாயில்லை, ஓரளவு எட்டிப் பிடித்துவிடும். மூளை அப்படிக் காத்திருக்காது. அவளுக்கு இப்போது சிரிக்கத் தெரியும், வீட்டு வேலை தெரியும், என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்ளத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை இந்தக் குறையோடு பிறக்கிறது. பிறந்து இரண்டு வாரத்துக்குள் மாத்திரையை ஆரம்பித்துவிட்டால், பெரும்பாலான பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து படிக்கிறார்கள். அன்றைக்கு அந்தச் சிறுமிக்குக் குதிகாலில் ஒரு குத்து கிடைக்கவில்லை. உங்கள் பேத்திக்குக் கிடைத்திருக்கிறது.

இனிப் புற்றுநோய்ப் பயம். ஆய்வுக்கூடத்தில், சில வகைப் புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் இருக்கிற ஒரு புரதத்தோடு டி4 ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிரியத் தூண்டுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். உங்கள் அக்கா மகன் படித்தது இதுவாகத்தான் இருக்கும். அது முக்கியமான ஆராய்ச்சிதான், நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது புற்றுநோய்ச் செல்லாக ஏற்கெனவே மாறிவிட்ட செல்லைப் பற்றிய பேச்சு. உங்கள் பேத்திக்கு நாம் கொடுப்பது, அவளுடைய சுரப்பி நன்றாக இருந்திருந்தால் தானே சுரந்திருக்கும் அதே பொருள். இதை எழுதுகிற என் ரத்தத்திலும் படிக்கிற உங்கள் ரத்தத்திலும் இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. இல்லாததை இருக்க வேண்டிய அளவுக்கு நிரப்புவதால் பிள்ளைக்குக் கட்டி வராது. அளவு மீறிப் போனால் கெடுதல் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஹார்மோன் அதிகமானால் எலும்பு வயதுக்கு மீறி முதிரும், மண்டையோட்டின் தையல்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். அந்தச் சின்னத் தவளைகளின் கதைதான். ரத்தம் எடுத்து எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் என்பது கணக்கு. உங்கள் பிள்ளைக்கு எழுதியிருக்கிற ஒன்றரை மாத்திரை 37.5 மைக்ரோகிராம். 3 கிலோவுக்குச் சரியாக நடுவில் இருக்கிறது.

வருஷக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகுமோ என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். 1891-இல் இங்கிலாந்தில் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு வேலை செய்யாமல் உடம்பெல்லாம் வீங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாளுக்கு அப்போது 46 வயது. இன்றைய சுத்தமான மாத்திரை இல்லாத அந்தக் காலத்திலேயே, தைராய்டு மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டு இன்னும் 28 வருஷம் இருந்தார், 74 வயதில்தான் இறந்தார்.

உங்கள் அக்காவின் விஷயம் வேறு. அதைத் தெரிந்துகொண்டால் அக்கா மகனின் பயமும் தெளியும். தைராய்டுச் செல்களைப் பிரியத் தூண்டுவது மூளையடிச் சுரப்பி அனுப்புகிற டி.எஸ்.எச். கழுத்தில் கழலை பெருப்பதற்குக்கூடப் பல நேரம் அதுதான் காரணம். தைராய்டில் சாதாரணமாக வருகிற வகைப் புற்றுநோயின் செல்களும் டி.எஸ்.எச்.சின் சொல்லைக் கேட்கும். ஆபரேஷனுக்குப் பிறகு எங்காவது இரண்டு செல் ஒளிந்திருந்தாலும் அவற்றுக்கு அந்தத் தூண்டுதல் போகக் கூடாது. மாத்திரை போட்டால் டி.எஸ்.எச். இறங்கும். ஆக, நீங்கள் பயப்படுகிற மாத்திரைதான் அக்காவுக்குக் காவல். எவ்வளவு இறக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ரொம்ப இறக்கினால் வயதானவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், எலும்பும் தேயும். ஆறு வருஷமாக அதே அளவுதான் போகிறது என்றால், ஒருமுறை அவருடைய டாக்டரிடம் காட்டி அளவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிள்ளையின் ஆச்சியிடம் இந்தப் பத்தியைத் தயவுசெய்து படித்துக் காட்டுங்கள். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் மகள் சாப்பிட்டது, நடந்தது, குளித்தது எதனாலும் இது வரவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, கருவில் அந்தச் சுரப்பி நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கி வரும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது, அல்லது சரியாக உருவாகாமலே போகிறது. பிரசவம் முடிந்து இருபது நாள்கூட ஆகாத பெண் மேல் இந்தப் பழியைப் போடாதீர்கள். அவளும் பால் கொடுக்க வேண்டியவள், மனம் நிம்மதியாக இருக்க வேண்டும்.

தூத்துக்குடி உப்பளத்திலிருந்து கல் உப்பு மூட்டையாக வாங்கிப் போட்டிருப்பதாகப் போனில் சொன்னீர்கள். அதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். பால் கொடுக்கிற தாய்க்கு அயோடின் வேண்டும், அதனால் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பை வாங்குங்கள். உப்பை மாற்றியாயிற்றே, மாத்திரையை நிறுத்தலாமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இங்கே கெட்டிருப்பது சுரப்பி.

கொடுக்கிற முறையை உங்கள் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பொடியாகிவிடும். பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் சில சொட்டு விட்டுக் குழைத்து, சங்கிலோ பாலாடையிலோ வைத்து முதலில் அதைப் புகட்டிவிட்டு அப்புறம் பால் கொடுக்க வேண்டும். நிறையப் பாலில் கலந்தால் பிள்ளை பாதியில் நிறுத்திவிடும், மருந்தும் பாதிதான் போகும். கலக்கி வைத்துவிட்டு அப்புறம் கொடுக்கிற வேலை வேண்டாம். தினமும் ஒரே நேரம். இரும்புச் சத்து, கால்சியம் சொட்டு மருந்துகள் பின்னால் எழுதித் தந்தால் இதற்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். உரைமருந்து வேண்டாம். ஆச்சிக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் வேண்டாம்.

முதல் ரத்தப் பரிசோதனை மாத்திரை ஆரம்பித்த இரண்டு வாரத்துக்குள் வேண்டும். டி.எஸ்.எச். சரியாகிற வரைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு முதல் வருஷம் முழுக்க ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்போம். எடை கூடக் கூட அளவும் மாறும். ஸ்கேனில் சுரப்பி அறவே இல்லை, அல்லது பாதி வழியில் நின்றுவிட்டது என்று தெரிந்தால் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். தன் இடத்திலேயே இருக்கிறது என்றால், மூன்று வயதில் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யலாம். மூன்று வயதுக்கு முன்னால் யார் சொன்னாலும், நாங்களே எழுதித் தராமல் நிறுத்தாதீர்கள். அறுவடை நேரம், ஊர்க் கொடை என்று தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தால் அங்கே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் பக்கத்திலேயே ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டை எனக்கு அனுப்புங்கள்.

இன்னும் சில நாளில் வீட்டில் ஒரு மாற்றம் தெரியும். பிள்ளை தானாகவே முழித்துக்கொள்வாள். பசித்தால் அழுவாள், அதுவும் நல்ல சத்தமாக. நடுராத்திரியில் அவள் அழுது வீட்டையே எழுப்பினால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயந்துவிடாதீர்கள். காலையில் எனக்குப் போன் செய்து சொல்லுங்கள், நானும் அந்தச் செய்திக்குத்தான் காத்திருக்கிறேன்.